கொழும்பில் அறை எடுக்கும்போது: பையை இறக்குமுன் கேட்பதும் பார்ப்பதும்

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில், சந்தைக்குப் பக்கத்தில் சிறிய தையல் கடை வைத்திருக்கிறேன். மாதத்தில் ஒரு தடவையாவது கொழும்புக்குப் போக வேண்டும். புறக்கோட்டை கெய்சர் வீதியில் லைனிங் துணி, லேஸ், நூல் எடுக்கிற வேலை இருக்கும். அம்மாவுக்குக் கண் வைத்தியசாலையில் கிளினிக் இருக்கும். பதினொரு வருடமாக இப்படித்தான். அங்கே எங்களுக்கு நெருங்கிய சொந்தம் என்று யாரும் இல்லை, அதனால் எப்போதும் லொட்ஜ்தான். ஊரில் யாராவது முதல் தடவை புறப்படும்போது கடைக்கு வந்து, "அக்கா, எங்கை நிக்கிறது நல்லம்?" என்று கேட்பார்கள். லொட்ஜின் பெயரைச் சொல்வதோடு நான் விடுவதில்லை. என்ன கேட்க வேண்டும், அறையில் எதைப் பார்க்க வேண்டும் என்று இருத்தி வைத்துச் சொல்லித்தான் அனுப்புவேன்.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கோட்டை ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள லொட்ஜுகள் சாமான் எடுக்கப் போகிறவர்களுக்கு நடை தூரம். ஆனால் கடைகள் பூட்டிய பிறகு அந்தப் பக்கத் தெருக்கள் வெறிச்சோடிவிடும். தனியாகப் போகிற பெண்களும், வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்களும் வெள்ளவத்தையில் நில்லுங்கள். இரவிலும் காலி வீதியில் ஆள் நடமாட்டம் இருக்கும். மருந்துக்கடையிலும் சாப்பாட்டுக்கடையிலும் தமிழில் கேட்டு வாங்கலாம். புறக்கோட்டைக்குப் போக 100, 101 இலக்க பஸ்கள் அடுத்தடுத்து வரும். கடல் பக்க அறை வேண்டுமா என்று கேட்டால் கொஞ்சம் யோசியுங்கள். மரைன் டிரைவுக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் பாதை போகிறது. விடிய முன்னரே ரயில் சத்தம் தொடங்கிவிடும். இரவு முழுக்க பஸ்ஸில் வந்த ஆளுக்கு அந்த ஒன்றிரண்டு மணி நித்திரைதான் முக்கியம்.

அதிகாலை நாலரை மணி

யாழ்ப்பாணத்தில் மாலை இருட்டும்போது ஏறினால், 87 இலக்கப் பாதையில் வவுனியா, புத்தளம் சுற்றி, வெள்ளவத்தையில் நாலரை, ஐந்து மணிக்கு இறக்கிவிடுவார்கள். லொட்ஜுகள் பெரும்பாலும் பகல் 12 மணிக்கோ 2 மணிக்கோதான் அறை தருவார்கள். எங்கள் ஆட்கள் அகப்படுகிற முதல் இடம் இதுதான்.

2016 இல் மழைக்காலத்தில் ஒருநாள், "வாங்கோ அக்கா, எந்த நேரமும் வரலாம்" என்று போனில் சொன்ன இடத்துக்கு அம்மாவோடு போய் இறங்கினேன். ஷட்டர் பூட்டியிருந்தது. தட்டினேன், போன் எடுத்தேன். கடைசியாக ஒரு பெடியன் வந்து, தனக்கு ஒன்றும் தெரியாது, அறையும் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பப் பூட்டிவிட்டான். போனில் பேசியவர் பகல் வேலைக்காரர். இரவு வேலைக்காரனிடம் அவர் எதுவும் சொல்லிவைக்கவில்லை. தூறலில் ஒரு கடைப் படியில் துவாயை விரித்து அம்மாவை இருத்தினேன். ஆறரை மணிவரை அங்கேயே இருந்தோம். காலை கிளினிக்கில் அம்மாவின் சீனி அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

அன்றிலிருந்து இரண்டு காரியம் தவறாமல் செய்கிறேன். பதிவு செய்யும்போதே, "24 மணித்தியாலக் கணக்கோ, பகல் 12 மணிக் கணக்கோ?" என்று கேட்பேன். நாங்கள் உள்ளே போன நேரத்திலிருந்து ஒரு நாள் என்று எண்ணுகிற லொட்ஜ் கிடைத்தால் இரவு பஸ்காரருக்கு அதைவிட நல்லது இல்லை. இல்லையென்றால், காலை ஐந்து மணிக்கு வந்தால் அரை நாள் காசா, முழு இரவுக் காசா என்று முதலே பேசிவிட வேண்டும். அம்மா கூட வருகிற பயணங்களுக்கு நான் முதல் நாள் இரவுக்கும் சேர்த்தே அறை எடுத்துவிடுவேன். அந்தக் காசு வீணில்லை.

மற்றது, பஸ் கிளிநொச்சியைத் தாண்டும்போது திரும்பவும் லொட்ஜுக்குப் போன் எடுப்பேன். அந்த நேரம் இரவு ஆள் வேலைக்கு வந்திருப்பார். "தம்பி, நாங்கள் நாலரைக்கு வருவம். நீங்கள்தான் நிப்பீங்களோ? உங்கடை பேர் என்ன?" என்று கேட்டுக் குறித்துவைப்பேன். தன் பேரைச் சொல்லி வரச்சொன்ன பிள்ளை கதவைத் திறக்காமல் விட்டது எனக்கு இன்றுவரை நடக்கவில்லை.

காசும் படியும்

ஒருமுறை 6,000 ரூபா என்று சொல்லி எடுத்த அறைக்கு 7,788 ரூபா பில் வந்தது. சேவைக் கட்டணம் 10 வீதம் சேர்த்து 6,600. அதன்மேல் வற் வரி 18 வீதம். கணக்கு சரிதான், ஆனால் கேட்டபோது ஒருவரும் அதைச் சொல்லவில்லை. வற் 18 வீதமானது 2024 தை மாதத்திலிருந்து. ஆகவே, "அறை எவ்வளவு?" என்று மட்டும் கேட்காமல், "எல்லாம் சேர்த்து நான் கடைசியாக எவ்வளவு தரவேண்டும்?" என்று கேளுங்கள். பதிலை வாட்சப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஏசி தேவையில்லையென்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். போடாத ஏசிக்கும் காசு கேட்பார்கள்.

இணையத்தில் பதிவு செய்கிறவர்கள் படத்தை நம்பிப் போகாதீர்கள். வெள்ளவத்தை என்று போட்டிருந்த ஒரு இடத்தைத் தேடிப் போய், தெஹிவளைச் சந்தியையும் தாண்டி இறங்கியிருக்கிறேன். அங்கேயும் எங்கள் பதிவு இல்லை என்று சொல்லி இரண்டு தெரு தள்ளி வேறொரு கட்டடத்துக்கு அனுப்பினார்கள். பதிவு செய்த கையோடு அந்த லொட்ஜின் இலக்கத்துக்கே நேரே போன் எடுத்து உங்கள் பேர் இருக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்தில் எந்தக் கோயில், எந்தக் கடை என்றும் கேட்டால் இடம் உண்மையா என்று தெரிந்துவிடும்.

முழங்கால் நோவு உள்ளவர்களோடு போகிறவர்கள் "எத்தனையாம் மாடி?" என்பதோடு நிறுத்தாமல், "தெருவிலிருந்து அறைவரை எத்தனை படி?" என்று கேட்க வேண்டும். காலி வீதிக் கட்டடங்களில் கீழே கடை இருக்கும், அதற்கு மேலேதான் லொட்ஜின் மேசை. அவர்கள் அங்கேயிருந்து எண்ணத் தொடங்குவார்கள். முதலாம் மாடி என்று சொல்லித் தந்த ஒரு அறைக்கு நாங்கள் ஏறியது 46 படி. அன்று அம்மாவுக்குக் கிளினிக்கில் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். அந்த மருந்து விட்டால் சில மணித்தியாலங்களுக்குப் பார்வை மங்கலாகவே இருக்கும். மடக்கில் வெளிச்சமும் இல்லை. ஒவ்வொரு படியாகச் சொல்லிச் சொல்லித்தான் ஏற்றினேன். லிஃப்ட் இருக்கிறது என்றால் ஜெனரேட்டரும் இருக்கிறதா என்று கேளுங்கள். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நேரம், லிஃப்டும் இல்லை, மோட்டார் ஓடாமல் குழாயில் தண்ணீரும் இல்லை. அப்போதிருந்து உள்ளே போனதும் குளியலறை வாளியை நிரப்பிவைப்பது என் பழக்கம்.

மெத்தையின் தையல்

இதை மட்டும் யாரும் அவசரத்தில் விட்டுவிடக் கூடாது. அறைக்குள் போனதும் பையைக் கட்டிலிலோ தரையிலோ வைக்காதீர்கள். குளியலறைக்குள் ஓடு பதித்த இடத்தில், அல்லது ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் வையுங்கள். பிறகு விரிப்பைத் தலைமாட்டுப் பக்கம் உரித்து, போன் வெளிச்சத்தில் மெத்தையின் ஓரத்தைப் பாருங்கள்.

நான் தைக்கிறவள், மெத்தையின் ஓரம் எப்படி மடித்து அடிக்கப்படுகிறது என்று எனக்குத் தெரியும். நாலு பக்கமும் குழாய்போல ஒரு பட்டி ஓடும். அந்தப் பட்டிக்கும் துணிக்கும் இடையில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு மடிப்பு இருக்கும். மூட்டைப்பூச்சிக்கு அதுதான் வீடு. பகலில் பூச்சி வெளியே வராது, ஆனால் அடையாளம் இருக்கும். பேனை முனையால் குத்தியதுபோலக் கறுத்தப் புள்ளிகள், உரித்துப்போட்ட மெல்லிய தோல், விரிப்பில் காய்ந்த சின்ன இரத்தக் கறை. நாலு மூலையிலும் பட்டியை விரலால் பிரித்துப் பாருங்கள். கட்டிலின் தலைப்பலகைக்குப் பின்னாலும் பாருங்கள். ஒரு புள்ளி கண்டாலும் வேறு அறை கேளுங்கள். பக்கத்து அறை வேண்டாம், வேறு மாடியில் கேளுங்கள். சுவர் வெடிப்பால் அடுத்த அறைக்கு அவை போய்விடும்.

நான் ஒருதடவை பார்க்கவில்லை. களைப்பு. துணிப்பொதியைக் கட்டிலுக்கு அருகில் சாய்த்துவிட்டுப் படுத்தேன். காலையில் கையில் வரிசையாக மூன்று, நாலு தடிப்பு. நுளம்பு என்றுதான் நினைத்தேன். ஊருக்கு வந்து இரண்டு கிழமையில் கடையில் வெட்டு மேசைக்குக் கீழே முதல் பூச்சியைக் கண்டேன். ஆப்பிள் விதை அளவு, தட்டை, கபில நிறம். அந்த நேரம் கடையில் ஒரு கல்யாண வீட்டுக்காரரின் பதினாறு சட்டைத்துணிகள் இருந்தன. அவர்களுடைய வீட்டுக்கு இது போனால் என்ன ஆகும் என்று நினைக்கவே நெஞ்சு பதறியது. மூட்டைப்பூச்சியால் நோய் பரவுவதில்லை என்பது ஒரு ஆறுதல். ஆனால் சாப்பாடு இல்லாமலே மாதக்கணக்கில் கிடக்கும், பூட்டிவைத்துப் பட்டினி போட முடியாது.

சூடுதான் அதற்கு மருந்து. ஒவ்வொரு துணியையும் ஸ்ரீம் அயனால் மடிப்பு மடிப்பாக அழுத்தினேன். அயன் பண்ண முடியாத பைகளைக் கறுப்புப் பொலித்தீனில் கட்டிச் சித்திரை வெயிலில் மூன்று நாள் முற்றத்தில் போட்டேன். மேசையின் பொருத்துகளுக்குள் கேத்தலால் கொதிதண்ணீர் ஊற்றினேன். கல்யாண வீட்டுக்காரருக்கு நடந்ததைச் சொல்லி இரண்டு கிழமை தவணை கேட்டேன். அவர்கள் கோபிக்கவில்லை. முழுதாக ஒழிய மூன்று மாதம் எடுத்தது. இப்போது கொழும்பிலிருந்து வந்தால் பை நேரே முற்றத்து வெயிலுக்குப் போகும். உடுப்பு சுடுதண்ணீருக்குப் போகும். அதற்குப் பிறகுதான் கடைத் திறப்பை எடுப்பேன்.

கதவு, அடையாள அட்டை

உள்தாழ்ப்பாள் இல்லாத அறையை எடுக்காதீர்கள். பூட்டு மட்டும் போதாது, இன்னொரு திறப்பு கீழே இருக்கும். தாழ்ப்பாளைப் போட்டுக் கதவை உள்ளே இழுத்துப் பாருங்கள். உப்புக் காற்றில் ஆணி உக்கி, தொட்டவுடன் கழன்று வந்த தாழ்ப்பாளும் கண்டிருக்கிறேன். ரப்பர் ஆப்பு ஒன்றை வாங்கிப் பையில் வையுங்கள். கதவுக்குக் கீழே செருகினால் வெளியிலிருந்து தள்ளுவது கஷ்டம். பிறகு, படுக்கமுன் பின் படிக்கட்டு எங்கே என்று நடந்து போய்ப் பாருங்கள். அதன் கதவில் ஆமைப்பூட்டு தொங்கினால் கீழே போய், திறப்பு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். நெருப்புப் பற்றினால் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அடையாள அட்டையைக் கவுண்டரில் விட்டுப் போகாதீர்கள். பதிவுக்குக் காட்டுங்கள், போட்டோக் கொப்பி கொடுங்கள், அட்டையைக் கையோடு வாங்குங்கள். நான் ஒருதடவை "போகேக்கை எடுங்கோ" என்றதற்குச் சரி சொல்லி, வெறுங்கையோடு இரவு பஸ் ஏறிவிட்டேன். வவுனியாவில் தேநீருக்கு நிறுத்தியபோதுதான் நினைவு வந்தது. லொட்ஜ் பெடியன் மறுநாள் பஸ் நடத்துநரிடம் கடித உறையில் போட்டுக் கொடுத்துவிட்டான், வந்து சேர்ந்தது.

ஆனால் வவுனியாவில் அந்த அரை மணி நேரம் எனக்கு மாமாவின் நினைவுதான். 2007 ஆம் ஆண்டு ஆனி 7 ஆம் திகதி விடியற்காலை கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்கள் பொலிஸாரால் வெளியேற்றப்பட்டு பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. மாமா விசா அலுவலாக வெள்ளவத்தையில் நின்றவர். அட்டை இருந்தது, பொலிஸ் பதிவுத் துண்டு இருந்தது, லொட்ஜ் பில்லும் இருந்தது. இருந்தும் ஏற்றினார்கள். அந்தத் துண்டுகளை அவர் இன்றும் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் வைத்திருக்கிறார். காலம் மாறிவிட்டது. என்றாலும் லொட்ஜ் பில்லை எறியாதே என்று அவர் சொன்னதை நான் கேட்கிறேன். ஒவ்வொரு பயணத்தின் பில்லும் அம்மாவின் கிளினிக் கொப்பிக்குள் இருக்கும்.

புறப்படும் நாள்

12 மணிக்கு அறையை விட வேண்டும், பஸ் இரவு எட்டுக்கு. பையைக் கீழே வைத்துக்கொள்ளப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பணத்தையும் மருந்தையும் நகையையும் அதற்குள் விடாதீர்கள். அம்மா வந்தால் நான் அரை நாள் கூடுதலாகப் பேசிவைப்பேன். அவர் படுத்திருக்க, நான் புறக்கோட்டைக்குப் போய்ப் பொதி கட்டி வருவேன்.

இன்சுலினை லொட்ஜின் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கொடுத்தால், போகும்போது மறந்துவிடாமல் இருக்க அறைத் திறப்பின் வளையத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுவேன். திறப்பைக் கொடுக்கும்போது நூல் கையில் தட்டுப்படும், மருந்து நினைவு வரும். அதையும் வாங்கிக்கொண்டு, கொப்பியில் அடுத்த கிளினிக் திகதியைப் பார்த்து, "தம்பி, வாற மாதம் பன்னிரண்டாம் திகதி. கீழ் அறைதான், எங்கடை பேரை இப்பவே எழுதிவிடுங்கோ" என்று சொல்லி, அவர் எழுதுவதை நின்று பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு நடப்பேன்.