பிளாஸ்க் நாற்றம்: தேய்க்கிற இடமே தப்பு

பத்து வருடமாகக் கடைத்தெருவில் பிளாஸ்க்கில் டீ, காபி கொண்டுபோய்க் கொடுக்கிறேன். போன மாதம் உதவிக்குச் சேர்ந்த தம்பி முந்தாநாள் ஒரு பிளாஸ்க்கை நீட்டி, "அண்ணே, எவ்வளவு தேய்ச்சாலும் நாத்தம் போகல. புதுசு வாங்கிடலாம்" என்றான். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், இரண்டு நல்ல பிளாஸ்க்கைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்கும் போட்டேன். பால் ஊற்றியதை அன்றே கழுவணும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்கள். தெரியாமல் செய்கிற தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

வாஷரைக் கழற்றாமல் கழுவுவது

இன்றைக்கும் இதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. உள்ளே இருக்கிற ஸ்டீல் வழவழப்பானது, வாசனையை உறிஞ்சாது. மூடியில் இருக்கிற சிலிக்கான் வாஷர்தான் காபியின் எண்ணெய்ப் பசையை மணத்தோடு பிடித்து வைத்துக்கொள்ளும். வாஷருக்கும் மூடிக்கும் நடுவே ஒரு இடுக்கு உண்டு. அதில் இறங்கிய பால் அங்கேயே புளிக்கும். சூடான டீயை ஊற்றி மூடினால் ஆவி மேலே போய் வாஷரில் பட்டு, சொட்டாகித் திரும்ப டீயிலேயே விழும். பளபளவென்று கழுவிய பிளாஸ்க்கில் ஊற்றிய டீ ஊசினாற்போல இருப்பது இதனால்தான்.

நம்பவில்லையா? மூடியைத் தனியாகவும் பிளாஸ்க்கைத் தனியாகவும் மோந்து பாருங்கள். தம்பி மூடியை மோந்தான். முகம் போன போக்கைப் பார்க்கணுமே! வாஷரை எடுத்தால் அடியில் மஞ்சளாக ஒரு படலம், ஓரத்தில் கறுப்பாகப் பூஞ்சை. நான் எடைக்குப் போட்ட இரண்டிலும் இதுதான் இருந்திருக்கும். அதைப் பார்க்காமலே போட்டுவிட்டேன்.

கழற்றும்போது கத்தியோ ஊக்கோ வேண்டாம். வாஷர் கிழிந்தால் ஒழுகும். சின்ன ஸ்பூனின் காம்பே போதும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கரைத்து, இரவு முழுக்க ஊறப்போடுங்கள். காலையில் பழைய பல் பிரஷால் இடுக்கையும் சேர்த்துத் தேய்த்து அலசி, நன்றாகக் காயவிடுங்கள். அப்புறமும் வாடை அடித்தால் வாஷரை மட்டும் மாற்றுங்கள். அமுக்கி ஊற்றுகிற மூடி என்றால் ஸ்பிரிங் இருக்கும் பகுதியையும் திருகிப் பிரிக்கணும். எது எதற்குமேல் இருந்தது என்று முதலில் போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. நான் எடுக்காமல் ஒரு மாலை வியாபாரத்தையே விட்டேன்.

பிளீச்சிங் பவுடர்

இதில் இருக்கிற குளோரின் ஸ்டீலை அரிக்கும். புள்ளி புள்ளியாகக் குழி விழுந்துவிட்டால் கறையும் வாடையும் அந்தக் குழியிலேயே குடியேறும், திரும்ப எடுக்க முடியாது. உள்ளே காபிக் கறை படிந்திருந்தால் ஒரு லிட்டருக்கு இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடா போட்டு, சுடுதண்ணீர் ஊற்றிச் சில மணி நேரம் விட்டால் போதும். மூடியை மட்டும் திருகிவிடாதீர்கள். சுடுதண்ணீரில் சோடா வாயு விடும், திறக்கும்போது முகத்தில் அடிக்கும்.

சோடாவும் வினிகரும் ஒன்றாக

நுரைப்பதைப் பார்க்க நன்றாக இருக்கும். ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான். கறைக்குச் சோடா, போர் தண்ணீர் விட்ட வெள்ளைப் படிவுக்கு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு. தனித்தனியாக.

கம்பி நார்

கண்ணாடி பிளாஸ்க்கிலும் வேண்டாம், ஸ்டீலிலும் வேண்டாம்.

கொதிக்கிற தண்ணீரில் முழுசாகப் போடுவது

பிளாஸ்க்கின் உள்சுவர், வெளிச்சுவர் இரண்டுக்கும் நடுவே காற்றில்லாமல் அடைத்திருக்கிறார்கள். அந்த அடைப்பு விட்டுப்போனால் சூடு நிற்காது. அப்புறம் அது வெறும் சொம்பு.

மூடி வைப்பது

ஈரத்தோடு மூடினால் நாளைக்கே வாடை. மூடி தனி, பிளாஸ்க் தனி, இரண்டும் கவிழ்த்து.

ரசம்

அதற்கென்று தனி பிளாஸ்க் வாங்குங்கள்.