உரிமை முடிந்த படைப்புகளை இணையத்தில் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று பல நாடுகளில் ஏராளமான நூல்களும் படங்களும் பதிப்புரிமைக் காலம் முடிந்து, யாரும் அனுமதியின்றிப் பயன்படுத்தக்கூடிய பொதுச் சொத்தாகின்றன. கொண்டாட வேண்டிய நாள்தான். ஆனால் உரிமை முடிந்தால் படைப்பு பிழைத்துவிடும் என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அமெரிக்காவின் முழுநீள மௌனப் படங்களில் ஏறத்தாழ 14 விழுக்காடு மட்டுமே மூல வடிவில் எஞ்சியிருப்பதாக அந்நாட்டு நாடாளுமன்ற நூலகமான காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. உரிமை முடிந்தபோது பல படங்களுக்குப் பிரதியே இல்லை.

இணையத்தில் கிடைப்பதெல்லாம் பொதுச் சொத்து அல்ல. காலக் கணக்கும் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் நூலாசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டுகள், ஐரோப்பிய ஒன்றியத்தில் 70. அமெரிக்காவில் 1978-க்கு முன் வெளியானவற்றுக்கு, வெளியான ஆண்டிலிருந்து அதிகபட்சம் 95. மூலநூல் எவ்வளவு பழையதானாலும், அதன் புதிய மொழிபெயர்ப்புக்கும் உரைக்கும் தனி உரிமை உண்டு. மிக்கி மவுஸின் 1928-ஆம் ஆண்டு வடிவம் 2024-இல் அமெரிக்காவில் விடுதலையானது. பின்னால் வந்த ஒவ்வொரு வடிவத்துக்கும் கணக்கு தனி.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது: உரிமை முடிந்த ஓவியத்தைப் படமெடுத்து, அதன்மேல் தன் பெயரைப் பொறித்து 'அனைத்து உரிமைகளும் எமக்கே' என்று போடுவது. அப்படியே நகலெடுத்த படத்துக்குப் புது உரிமை கிடையாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் நெறிமுறையே வகுத்துவிட்டது. எல்லாருக்கும் சொந்தமானதற்கு வேலி போடுவது எனக்கு ஒப்பாத செயல்.

அதிக இழப்பு நேர்வது ஸ்கேன் செய்யும் மேசையில்தான். அவசரத்தில் அட்டையையும், தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தையும் விட்டுவிடுவார்கள். பதிப்பாண்டு, அச்சகத்தின் பெயர், எத்தனையாவது பதிப்பு என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். உரிமை முடிந்ததா என்று கணக்கிடவே அந்தப் பக்கம் வேண்டும். ஓரத்தில் யாரோ பென்சிலில் எழுதிய குறிப்பை அழுக்கென்று வெட்டிவிடாதீர்கள், அந்த நூலை ஒருவர் எப்படிப் படித்தார் என்பதற்கு அது சான்று. ஜேபெக் கோப்பை மட்டும் வைத்துக்கொள்வதும் தவறு. திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் அதில் தரம் குறையும். மூலத்தை, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) வடிவில் தொடாமல் வைத்து, பகிர்வதற்குச் சிறிய நகல் எடுங்கள். கோப்புக்கு 'ஸ்கேன்_0047' என்று பெயர் வைத்தால் பத்து ஆண்டு கழித்து உங்களுக்கே அது என்னவென்று தெரியாது. நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு, மூலப்பிரதி இருக்கும் இடம் ஆகிய நான்கையாவது பதிவு செய்யுங்கள். ஸ்கேன் முடிந்துவிட்டதே என்று காகிதப் பிரதியைப் பழைய காகிதக் கடைக்குப் போடவே கூடாது.

ஒரே ஹார்டு டிஸ்க்கை நம்பாதீர்கள். மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில். அவ்வப்போது திறந்தும் பாருங்கள். கோப்பு வடிவங்களும் வழக்கொழியும்: உலாவிகளில் அசைவூட்டங்களை இயக்கிவந்த ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 இறுதியில் நின்றதும் எத்தனையோ அசைவூட்டங்களும் விளையாட்டுகளும் உலாவிகளில் திறக்காமல் போயின. அவற்றில் பலவற்றை இன்டர்நெட் ஆர்க்கைவ் தளம் ரஃபிள் என்ற கட்டற்ற மென்பொருளின் துணையோடு மறுபடி இயங்க வைத்திருக்கிறது. கோப்புகளைச் சேர்த்து வைத்த ஆட்கள் இருந்ததால்தான் அது முடிந்தது.