குஜராத்தி அகராதியில் சொல்லைத் தேடிப் பிடிப்பது எப்படி

எழுத்துக்கூட்டு ஐயத்துக்கு முதலில் குஜராத் வித்யாபீடத்தின் எழுத்துக்கூட்டு அகராதியான 'சார்த் ஜோட்ணிகோஷ்'. 1929-இல் வெளிவந்த ஜோட்ணிகோஷ் காந்தியின் முயற்சியால் பிறந்தது. ஆளுக்கொரு விதமாக எழுதிவந்த மொழிக்கு ஒரு வரையறை தந்தது. வழக்கொழிந்த சொல்லா, பொருள் விரிவாக வேண்டுமா? 'பகவத்கோமண்டல்' இருக்கிறது. கோண்டல் மன்னர் பகவத்சிங்ஜி தொகுப்பித்த ஒன்பது தொகுதிகள், 1944 முதல் 1955 வரை வெளிவந்தவை.

பக்கத்தில் கண்ட வடிவத்தை அப்படியே தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பெயர்ச்சொல்லின் வேற்றுமை உருபை முதலில் கழற்றுங்கள். 'சோக்ராநே' (பையனுக்கு) என்பதில் 'நே' போனால் 'சோக்ரா'. அதுவும் தலைச்சொல் (அகராதியில் பதிவாகும் வடிவம்) அல்ல, 'சோக்ரோ'தான். ஓகார ஈறு பெரும்பாலும் ஆண்பால், ஈகாரம் பெண்பால், மூக்கொலியோடு முடியும் 'உம்' அலிப்பால். பால் குறிப்பு தலைச்சொல்லை ஒட்டியே இருக்கும். குறித்துக்கொள்ளுங்கள், பெயரடையும் வினையும் அதன்படியே மாறும்.

வினைகள் 'வும்' ஈற்றில் நிற்கும்: 'கர்யும்' (செய்தது) என்றால் 'கர்வும்' என்று தேடுங்கள். தொல்லை தருபவை ஒழுங்கற்ற இறந்தகாலங்கள். 'கயோ'வை (போனான்) 'ஜவும்' என்பதிலும் 'லீதும்' (எடுத்தது) என்பதை 'லேவும்' என்பதிலும் தேட வேண்டும். இத்தகையவற்றைத் தனித்தாளில் பட்டியலிட்டு மனப்பாடம் செய்வதே நல்லது.

இன்னும் அகப்படவில்லையா? இகர, உகரங்களின் குறில் நெடிலை மாற்றிப் பாருங்கள். பேச்சில் அந்த வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை. அதனால் பழைய அச்சுநூல்களிலும் கடிதங்களிலும் இரண்டும் கலந்தே வரும். அகரவரிசையில் ளகரம் ஹகரத்துக்குப் பின் என்பதும் நினைவிருக்கட்டும். தமிழ்ப் பழக்கத்தில் லகரத்தின் அருகே தேடுவோம்.