சின்னப் பூனைக்குப் பெரிய நோய் வந்தால்: வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது

இரண்டு வயதுகூட ஆகாத பூனைக்கு டாக்டர் ஒரு பெரிய நோயின் பெயரைச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அவர் பேசுவது எதுவும் காதில் ஏறாது. அதனால் கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள், அழாமல் கேட்கக்கூடிய ஆளாக. இல்லையென்றால் கேள்விகளை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போய், பதில்களையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். இது உறுதியா, இல்லை சந்தேகம்தானா? அடுத்து எடுக்கச் சொல்லும் டெஸ்ட்டின் முடிவு சிகிச்சையை மாற்றுமா? (மாற்றாதென்றால் பூனைக்கு இன்னொரு ஊசியும் அலைச்சலும் எதற்கு என்று தாராளமாகக் கேட்கலாம்.) எது நடந்தால் நடு ராத்திரி என்றும் பார்க்காமல் தூக்கிக்கொண்டு வர வேண்டும்? கடைசிவரை மொத்தம் எவ்வளவு செலவாகும்? இந்தக் கடைசிக் கேள்விக்குக் கூச்சமே வேண்டாம். பணம் தீர்ந்து மருந்தைப் பாதியில் நிறுத்துவது பூனைக்கு நல்லதில்லை.

வீட்டுக்கு வந்ததும் இணையத்தில் தேடுவீர்கள். தேடாதீர்கள் என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் படிக்கும் பக்கத்தில் தேதியைப் பாருங்கள், அது முக்கியம். எஃப்ஐபி என்ற நோயையே எடுத்துக்கொள்ளலாம். நிறையப் பூனைகளின் குடலில் சும்மா கிடக்கும் பூனைக் கொரோனா வைரஸ், சில பூனைகளின் உடம்பில் உருமாறி இந்த நோயாகிவிடுகிறது. அதிகமாக அகப்படுவது இரண்டு வயதுக்கு உட்பட்டவைதான். விடாத காய்ச்சல், வயிற்றிலோ நெஞ்சிலோ நீர் கோர்த்தல், மெலிந்துகொண்டே போவது என்று வரும். பழைய பக்கங்களில் 'இதற்கு மருந்து கிடையாது' என்றுதான் இருக்கும். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நீல்ஸ் பெடர்சன் குழுவினர் 31 பூனைகளுக்கு ஜிஎஸ்-441524 என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்து 2019இல் வெளியிட்ட ஆய்வில் பெரும்பாலானவை பிழைத்தன. வழக்கமாக 84 நாள் கொடுப்பார்கள். நீர் கோர்க்கும் வகைக்கு 42 நாளே போதும் என்று 2024இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது, அதை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும். எடைக்குத் தகுந்த அளவு என்பதால் குட்டி தேறி எடை ஏற ஏற மருந்தையும் கூட்ட வேண்டும், இதை நீங்களும் நினைவில் வைத்திருந்து கேளுங்கள். எல்லா நோய்க்கும் இப்படி நல்ல சேதி இருக்காது என்பதும் உண்மைதான்.

இனி உங்கள் வேலை. அதில் பாதி, சாப்பாடு.

பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, இருக்கிற நோயோடு இன்னொரு நோயும் வந்துவிடலாம். கொஞ்சம் குண்டான பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றாலே டாக்டருக்குச் சொல்லுங்கள். பூனைக்கு வாசனை வந்தால்தான் வாய் திறக்கும், அதனால் ஈர உணவைக் கையில் தொட்டால் இளஞ்சூடு தெரிகிற அளவுக்குச் சூடாக்கி வையுங்கள். கிண்ணத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உதட்டை நக்கி, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா? அது அடம் இல்லை, குமட்டல். வேறு வேறு டப்பா திறந்து பார்த்துக்கொண்டிருக்காமல் வாந்தியை அடக்கும் மருந்து கேளுங்கள், பசியைத் தூண்டும் மருந்தும் உண்டு. வாயைப் பிளந்து ஊட்டாதீர்கள், அந்த உணவையே பிறகு வெறுத்துவிடும். பிடித்த சாப்பாட்டில் கசப்பு மருந்தைக் கலந்தாலும் இதே கதைதான். கழுத்து வழியாகக் குழாய் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னால் பயந்து மறுத்துவிடாதீர்கள். பார்க்கத்தான் கொடுமையாக இருக்கும், பெரும்பாலான பூனைகள் அதோடு நடமாடி, தானாகவும் சாப்பிடும். தினம் வாயைத் திறக்கப் போராடுவதைவிட எவ்வளவோ மேல் என்பது என் அபிப்பிராயம்.

மாத்திரை கொடுப்பது பழகினால் சில விநாடி வேலை. பூனையைத் துண்டில் சுற்றி, முகம் உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க உட்கார வையுங்கள். ஒரு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் இரண்டு கன்ன எலும்பிலும் பதிய, மூக்கு மேலே பார்க்கும்படி சாய்த்தால் தாடை தானே தளரும். மற்றக் கையில் மாத்திரையைப் பிடித்துக்கொண்டு, நடுவிரலால் கீழ்ப்பக்க முன்பற்களை அழுத்தி, நாக்கின் மேல், பின்கோடியில் நடுவாகப் போட்டு வாயை மூடுங்கள். மூக்கை நக்கினால் பெரும்பாலும் விழுங்கிவிட்டது என்று அர்த்தம். அதோடு விடக்கூடாது, சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரைக் கன்ன ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணாகிவிடும். இதையெல்லாம் அது தூங்கும் இடத்தில் செய்யாதீர்கள், வேறு ஓர் இடத்தை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று, மனிதர்கள் சாப்பிடும் பாரசிட்டமால் வேண்டவே வேண்டாம். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

ஒரு நோட்டு போடுங்கள். சாப்பாடு, மருந்து, சிறுநீர், மலம், எடை. சின்ன உடம்பில் 50 கிராம் என்பதே பெரிய மாற்றம், அதனால் குழந்தைகளை நிறுக்கும் தராசு இருந்தால் நல்லது. நன்றாகத் தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள்: நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று, அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் போன் செய்யுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, ஈறு வெளுப்பது அல்லது நீலமாவது, ஆண் பூனை மண் தட்டில் முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வராதது, பின்னங்கால் திடீரென்று இழுத்துக்கொண்டு கத்துவது, இவற்றுக்கெல்லாம் போன் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, கிளம்பிவிடுங்கள்.

குறுகுறு என்று சத்தம் எழுப்புவதை நம்பி வலி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், வலியிலும் பூனை அப்படிச் செய்யும். முகத்தைப் பாருங்கள். காது பக்கவாட்டில் திரும்பி, கண் இடுங்கி, மீசை விறைத்து, தலை தோளுக்குக் கீழே தொங்கினால் வலிதான். மொன்ட்ரியல் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட வலி அளவுகோலும் இந்த மாதிரி அடையாளங்களைத்தான் பார்க்கச் சொல்கிறது.

நீங்கள் தூங்க வேண்டும். வீட்டில் இன்னொருவர் இருந்தால் இரவை முறைபோட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். 'பூனைதானே' என்பவர்களிடம் விளக்கிக்கொண்டிருப்பது வீண், பேச்சை மாற்றிவிடுங்கள். தினமும் கொஞ்ச நேரம் கையில் சிரிஞ்சோ மாத்திரையோ இல்லாமல் அதன் பக்கத்தில் போய் உட்காருங்கள், இல்லையென்றால் உங்களைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஓடும். கயிற்றை ஆட்டினால் பாய வருகிறதா, ஆட்டுங்கள். தனக்கு வந்திருக்கும் நோயின் பெயர் அதற்குத் தெரியாது.

சிகிச்சையை நிறுத்திக்கொள்வது பற்றிய பேச்சை மோசமான நாளில் தொடங்காதீர்கள். மனது தெளிவாக இருக்கும் நாளிலேயே, எது நடந்தால் இதற்கு மேல் வேண்டாம் என்று எழுதி வையுங்கள். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடை மருத்துவர் தந்த அளவுகோல் ஒன்று உண்டு: வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயங்களுக்குப் பத்துப் பத்து மதிப்பெண் (நிலைமை நன்றாக இருந்தால் அதிகம், அதாவது வலி இல்லையென்றால்தான் பத்து). மொத்தம் 35க்கு மேல் என்றால் தொடரலாம். வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு ஒப்பிடுங்கள், ஒருவர் ஆசையில் கூட்டிப் போட்டிருப்பது தெரிந்துவிடும். கருணை ஊசி என்று முடிவானால் முதலில் மயக்க மருந்து கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கண் மூடாது, உயிர் போன பிறகும் ஒன்றிரண்டு மூச்சு இழுப்பது போல இருக்கலாம். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த நேரத்தில் பதற மாட்டீர்கள்.

தேறிவிட்டால்? பூனை துள்ளி விளையாடுகிறது என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். எஃப்ஐபி என்றால் மருந்து முடிந்த பிறகு இன்னொரு 84 நாள் கண்காணிக்க வேண்டும். அதற்குள் காய்ச்சலோ எடைக் குறைவோ வந்தால் அன்றைக்கே இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டு போங்கள், நோய் திரும்பியிருந்தாலும் அதே மருந்தை அளவு கூட்டிக் கொடுத்துப் பார்க்க வழி உண்டு.