சம்மன் வந்துவிட்டதா? காட்பாடியில் ரயிலேறும் முன் படியுங்கள்

ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் தோல், ஷூவின் மேல்பாகம் (அப்பர்) என்று பிறருக்குக் கூலிக்குச் செய்து தரும் ஜாப் ஒர்க்காரர்கள் ஜிஎஸ்டி சம்மன் வந்ததும் முதலில் கேட்பது, "எவ்வளவு கட்டினால் முடியும்?" என்றுதான். பணத்தை அப்புறம் பேசலாம். உங்களை எந்த நிலையில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்ல வற்புறுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்புச் சட்டத்தின் பிரிவு 20(3). இதை நம்பி வாயே திறக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். விசாரணைக்குக் கூப்பிடும் கட்டத்தில் நீங்கள் இன்னும் குற்றம் சாட்டப்பட்டவரே இல்லை. சுங்க அதிகாரி போலீஸ்காரர் அல்ல, அவரிடம் சொன்னது சாட்சியமாக ஏற்கப்படும் என்று 1968-லேயே ரமேஷ் சந்திர மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜிஎஸ்டியிலும் அதே கணக்குதான். வக்கீலைப் பக்கத்தில் உட்கார வைக்கும் உரிமையும் இல்லை, 1992-ல் பூல்பாண்டி வழக்கில் முடிந்துபோன விஷயம் அது. ஆனால் அவர் கண்ணில் படும் தூரத்தில், பேச்சு காதில் விழாத இடத்தில் இருக்க எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

ஆகவே எல்லாம் அந்த வாக்குமூலத் தாளில்தான் இருக்கிறது. என்னிடம் வந்த ஒருவர், "பில்லை அக்கவுண்டன்ட்தான் பார்ப்பார்" என்று தமிழில் சொன்னார். ஆங்கிலத்தில் டைப் செய்த தாளில் அது "தெரிந்தே போலி பில் எடுத்தேன்" என்று மாறியிருந்தது, நாலு பக்கத்திலும் அவர் கையெழுத்து. எனக்கு இன்னும் ஆறவில்லை. புரியாத மொழியில் இருந்தால் படித்துக் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் "படித்துக் காட்டப்படவில்லை" என்று கையெழுத்துக்கு மேலேயே தமிழில் எழுதுங்கள். மிரட்டி வாங்கியிருந்தால் மறுநாளே மறுப்புக் கடிதம் ஸ்பீட் போஸ்டில் போகட்டும், தாமதமாகப் போனால் மதிப்பு குறைந்துவிடும்.

அடுத்து, நம்ம ஊர்ப் பழக்கம்: மனைவி, அம்மா பெயரில் பங்கு. கம்பெனி டைரக்டர் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது, சட்டம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும் அல்லது குற்றத்தில் அவர் செய்தது என்ன என்று தெரிய வேண்டும் என்றது 2015-ன் சுனில் பாரதி மிட்டல் தீர்ப்பு. ஆனால் ஜிஎஸ்டி சட்டத்தின் 137-வது பிரிவு அப்படித் தனியாகச் சொல்கிறது, பங்குதாரரும் சிக்குவார். தனக்குத் தெரியாமல் நடந்தது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். யார் எந்த வேலையைப் பார்க்கிறார்கள் என்று பங்குதாரர் ஒப்பந்தத்தில் இப்போதே எழுதுங்கள்.

அபராதம் கட்டியாச்சே, மறுபடி வழக்கு எப்படி என்பார்கள். ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை வழக்கும் தண்டனையும் கூடாது என்கிற அரசியலமைப்பின் பிரிவு 20(2) இங்கே உதவாது. சுங்கத்துறை பறிமுதல் செய்தது கோர்ட் தண்டனை ஆகாது என்று 1953-ல் மக்பூல் உசேன் வழக்கில் சொல்லியாகிவிட்டது. ஆனால் துறை விசாரணையிலேயே விவரங்களை ஆராய்ந்து தவறே இல்லை என்று விடுவித்திருந்தால், அதே விவரங்களை வைத்துக் கிரிமினல் வழக்கு தொடரக் கூடாது. 2011-ன் ராதேஷ்யாம் கேஜ்ரிவால் தீர்ப்பை வக்கீலிடம் ஞாபகப்படுத்துங்கள். பிரிவு 20(1) எளிது: குற்றம் நடந்த அன்று இருந்த சட்டத்தைவிடக் கூடுதல் தண்டனை கிடையாது.

கைதே செய்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பணமோசடித் தடுப்புச் சட்டக் கைதுகளுக்கு 2023-ல் பங்கஜ் பன்சால் வழக்கில் வந்த விதி அது. 2025 நவம்பரில் எல்லாக் குற்றங்களுக்கும் விரிந்தது, கைதானவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதோடு சேர்த்து. தமிழில் கேளுங்கள். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். எத்தனை மணிக்குக் கைது என்பதை வீட்டில் யாராவது உடனே ஒரு தாளில் குறித்து வைக்கட்டும்.