பெரியவன் படிப்பாளி, சின்னவள் ஓவியக்காரி

வீட்டுக்கு யாராவது வந்தால் தானாக வாயில் வந்துவிடும்: "பெரியவன் நல்லா படிப்பான், சின்னவ நல்லா வரைவா." இரண்டு பேரையும் பாராட்டித்தானே சொன்னோம் என்று நினைக்கிறோம். பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கோ அது பாகப்பிரிவினை. படிப்பு அண்ணனுக்கு, படம் தங்கைக்கு. பிறகு பெரியவன் கிரேயான் பக்கம் போகமாட்டான். சின்னவள் கணக்கில் தடுமாறினால் "எனக்குத்தான் படிப்பு வராதே" என்பாள். தனித்திறமையை மதிப்பதாக நினைத்துக்கொண்டு நாம் செய்யும் தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

அறிவு ஒன்றல்ல, பல வகை என்று அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983-இல் எழுதியதையும் இதற்கு இழுத்துக்கொள்கிறார்கள். "இவன் இசை வகை, இவள் உடலசைவு வகை" என்று முத்திரை குத்துகிறார்கள். அவர் சொன்னதோ எல்லா வகையும் எல்லாரிடமும் கூடக்குறைய இருக்கும் என்பதுதான்.

ஒப்பிடுவது அடுத்தது. நான்கு வயதுப் பிள்ளைகளிடம் யார் வேகமாக ஓடுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், எல்லாக் கையும் மேலே போகும். அடுத்தவரோடு வைத்துத் தன்னை அளக்கும் பழக்கம் பெரும்பாலும் ஏழெட்டு வயதில்தான் வலுப்படுகிறது. அதுவரை இயல்பாகக் கிடைக்கும் அந்தத் தைரியத்தை "அவனைப் பாரு" என்று நாமே ஏன் கெடுக்க வேண்டும்?

பரிசு கொடுத்து ஊக்கப்படுத்துவது நல்லதுபோலத்தான் தெரியும். 1973-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள, மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளில் சிலரிடம் "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்து, சும்மா விளையாடும் நேரத்தில், அவர்கள் வரைந்த நேரம் மற்றவர்களைவிடப் பாதியளவுதான். முன்பே சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. பரிசைவிட, "இதற்காகத்தான் வரைகிறாய்" என்ற பேரம்தான் கெடுக்கிறது. ஆசை தெரிந்த மறுநாளே வகுப்பில் சேர்ப்பதும் கிட்டத்தட்ட இதே கதைதான். கொஞ்ச நாள் அது விளையாட்டாகவே இருக்கட்டும்.

போட்டியும் மேடையும் இல்லாத திறமைகள் நம் கண்ணிலேயே படுவதில்லை. டப்பா நிறைய பொத்தான்களைக் கொட்டி, முதலில் நிறம் பார்த்து, பிறகு அதையும் கலைத்துவிட்டு ஓட்டை எண்ணி அடுக்கும் பிள்ளையை "வீட்டைக் குப்பையாக்காதே" என்கிறோம். இரண்டு ஓட்டை, நான்கு ஓட்டை என்று பிரித்தவன் செய்தது வகைப்படுத்தல். அதுவும் யாரும் சொல்லித்தராமல். அழும் நண்பன் பக்கத்தில் போய்ப் பேசாமல் உட்காரும் குழந்தையைக் கூச்ச சுபாவம் என்கிறோம். இவற்றைப் பார்த்ததாகச் சொன்னாலே போதும்: "அவன் அழுதப்ப நீ பக்கத்துல போய் உட்கார்ந்ததை நான் பார்த்தேன்."

எதைக் காட்டினாலும் "சூப்பர்!" என்பதும் வீண். தலையை நிமிர்த்தாமல் சொன்ன சூப்பர் எது என்று பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். "நீ அறிவாளி" என்பதில் வேறு சிக்கல்: கஷ்டமானதைத் தொட்டுத் தோற்றால் அந்தப் பெயர் போய்விடுமே என்று பயம் வரும்.

திருத்துவதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் நானே செய்திருக்கிறேன். என் மகள் வரைந்த குதிரைக்கு ஐந்து கால். பென்சிலை வாங்கி ஒன்றை அழித்துவிட்டு, "இப்பச் சரியா இருக்கு பாரு" என்றேன். ஒன்றும் பேசாமல் தாளை மடித்து வைத்துவிட்டாள். சில நாள் கழித்துத்தான் கேட்கத் தோன்றியது, ஏன்மா ஐந்து கால் போட்டே என்று.

"அது ஓடிட்டு இருந்துச்சுப்பா. நீங்க அழிச்சதும் நின்னுடுச்சு."