கினிப்புல்லை இனங்காண்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

திருகோணமலையில் நிலாவெளி வீதியோரத்திலும் கந்தளாய்ப் பக்கத்துத் தரிசுக் காணிகளிலும் ஆளுயரத்துக்கு வளரும் புற்களை "மாட்டுப்புல்" என்ற ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோம். அவற்றுள் முதலில் இனங்காணக் கற்க வேண்டியது கினிப்புல் என்பது என் உறுதியான கருத்து. ஆபிரிக்காவுக்குரிய இந்தப் பல்லாண்டுப் புல், தீவனத்துக்காகக் கொண்டுவரப்பட்டு, இன்று விதைப்பார் இல்லாமலே பரவுகிறது. முற்றிப் பூத்த பின் இதன் தீவனத் தரம் குறைந்துவிடும் என்பதால், மாடு வளர்ப்போருக்கு இதனை அறிவது நேரடிப் பயன் தரும்.

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பல, ரைகிராஸ், பெஸ்கியூ முதலிய குளிர்பருவப் புற்களிலிருந்தே தொடங்குகின்றன. அவை நுவரெலியா போன்ற உயர்நிலங்களுக்குப் பொருந்துமே தவிர, நமது கரையோர வெப்பத்துக்குப் பொருந்தா. அந்தப் பகுதிகளைத் தயங்காமல் தாண்டிச் செல்லுங்கள்.

முதலாவதாக, வடகீழ்ப் பருவமழைக்குப் பின் பூத்து நிற்கும் தண்டொன்றை அடியோடு எடுங்கள். தண்டை விரல்களுக்கிடையில் உருட்டும்போது முக்கோணமாக உணர்ந்தால் அது கோரையினம், அதனை விட்டுவிடலாம்.

இரண்டாவதாகப் பூந்துணரை, அதாவது தண்டின் உச்சியிலுள்ள பூங்கொத்தைப் பாருங்கள். கினிப்புல்லின் பூந்துணர் விரிந்து, மெல்லிய கிளைகளுடன் காணப்படும். அடிக்கிளைகள் பல ஒரே இடத்திலிருந்து வட்டமாகக் கிளம்பும். சிறுமயிர்கள் அடர்ந்த உருளை வடிவக் கதிராக இருந்தால் அது நேப்பியர் என்னும் மற்றொரு தீவனப்புல்லாக இருக்கக்கூடும்.

மூன்றாவது படியிலேதான் நான் நீண்ட நேரம் தேங்கி நின்றேன். ஆகவே இதனை விரிவாகச் சொல்கிறேன். முற்றிய சிறுகதிர் ஒன்றை, அதாவது பூந்துணரின் கிளைகளில் விதைபோல் தோன்றும் சிறு மணியொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏறத்தாழ 3 முதல் 4 மி.மீ. நீளமானது. அதன் வெளிச்செதில்களில் ஒன்று, சிறுகதிரின் மூன்றிலொரு பங்கு அளவேயுள்ள குட்டைச் செதில். மற்றவை ஏறக்குறைய முழு நீளமுடையவை. இவற்றை ஊசிமுனையால் நீக்கினால் உள்ளே கடினமான உமி தெரியும். அந்த உமியின் மேல் குறுக்காக ஓடும் நுண்ணிய சுருக்கங்களே கினிப்புல்லின் தீர்க்கமான அடையாளம். ஒளியைப் பக்கவாட்டிலிருந்து பாய்ச்சினால் அது சுருக்கங்களின் வழியே ஓடிவிடுவதால் நிழல் விழாது, உமி வழவழப்பானதாகவே தோன்றும். உமியின் நுனியிலிருந்து அடிநோக்கிச் சாய்வாகப் பாய்ச்சும்போதுதான் ஒவ்வொரு சுருக்கமும் நிழலுடன் எழுந்து தெரியும்.

பானிக்கம் என்னும் பேரினத்தின் புற்களில் இந்த உமி பொதுவாக வழவழப்பாகப் பளபளக்கும். 1781இல் பானிக்கம் மாக்சிமம் எனப் பெயரிடப்பட்ட கினிப்புல், 2003இல் மெகாதிர்சஸ் என்னும் பேரினத்துக்கு மாற்றப்பட்டபோது இந்தச் சுருக்கமும் கருத்தில் கொள்ளப்பட்டது. சிலர் அதனை யூரோக்குளோவா பேரினத்தில் வைப்பதால், நூல்களில் மூன்று பெயர்களையும் காண்பீர்கள். மூன்றும் ஒரே புல்லையே குறிக்கும்.

கருவிகளைப் பொறுத்தவரை, பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்றும், தையல் ஊசியும், கறுப்புத் தாளும் போதும். படம் பிடித்தால் பெயர் சொல்லும் கைபேசிச் செயலிகளைப் புற்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தீர்மானிக்கும் உறுப்பு அந்தப் படத்தில் தெரிவதேயில்லை.

பின்சேர்க்கை: தம் காணியிலுள்ள புல்லின் கணுக்களில் மயிர் இல்லாததால் அது வேறு இனமா என்று மூதூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். கினிப்புல்லில் மயிர்த்தன்மை வகைக்கு வகை வேறுபடுகிறது. கணுவிலும் இலையுறையிலும் மயிர் நிறைந்தவையும் உண்டு, மயிரற்றவையும் உண்டு. ஆகவே மயிரை வைத்து முடிவெடுக்காமல் உமியைப் பாருங்கள். அடிக்கடி வெட்டப்படுவதால் பூக்காத புதராயின், அதில் ஒரு பகுதியை வெட்டாமல் விட்டு, பூத்த பின் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.